பசு கறக்கும்வரை என்ன சாப்பிடுவது? வங்கதேசப் பரம ஏழைகள் திட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வங்கதேசத்தின் வடக்கு மூலையில் உள்ள ரங்பூர், குரிகிராம், நில்பாமாரி மாவட்டங்களில் புரட்டாசியும் ஐப்பசியும் நெடுங்காலம் பட்டினி மாதங்களாக இருந்தன. மழைக்காலப் பயிரான ஆமன் நெல் நட்டு முடிந்திருக்கும், அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும். இடைப்பட்ட காலத்தில் வயலில் கூலி வேலையே கிடைக்காது. நிலமில்லாத குடும்பம் அறுவடைக் கூலியை அடிமாட்டு விலைக்கு முன்கூட்டியே விற்று அரிசி வாங்கும். அறுவடை வந்தால் பழைய கடனுக்கே உழைத்துக் கழிக்க வேண்டும். இந்தப் பருவத்துக்கு அங்கே ‘மொங்கா’ என்று பெயர்.

வங்கதேசத் தொண்டு நிறுவனமான பிராக் 2002இல் இந்த மூன்று மாவட்டங்களில்தான் பரம ஏழைகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1985 முதல், அரசும் உலக உணவுத் திட்டமும் மாதாமாதம் தந்த கோதுமையோடு பயிற்சியையும் சிறுகடனையும் இணைத்துப் பார்த்திருந்தார்கள். பலர் மேலே வந்தார்கள். அடிமட்டத்தில் இருந்தவர்கள் மட்டும் வரவில்லை. அவர்கள் கடன் வாங்கப் பயந்தார்கள். கடன் குழுவில் இருந்த மற்ற பெண்களும், தவணை கட்ட முடியாதவள் என்று அவர்களைச் சேர்க்கத் தயங்கினார்கள். இரு தரப்பும் கணக்குப் போட்டது சரிதான். அடுத்த வாரமே தவணை தொடங்கும் கடனை வாங்கி, ஒன்றரை வருடம் கழித்துக் கறக்கும் மாட்டை வாங்க முடியாது.

ஆகவே 2002இல் தொடங்கிய திட்டத்தில் கடன் இல்லை. கால்நடை இலவசம், அது பலன் தரும்வரை வாரப்படி (வாராவாரம் கைச்செலவுப் பணம்), இரண்டு வருடம் வாராவாரம் வீட்டுக்கு வரும் பணியாளர், கால்நடை மருத்துவம், கட்டாயச் சேமிப்பு, கழிப்பறை, குடிநீர்க் குழாய், நோய்க்குச் சிகிச்சை உதவி எல்லாம் ஒரே மூட்டையாக 24 மாதங்களுக்கு. இதுவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்த வழியில் வந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ‘மாடு கொடுத்தார்கள்’ என்பது மட்டும் தெரியும். மாட்டைச் சுற்றி இருப்பவைதான் திட்டம்.

யாருக்கு?

முதல் வேலை ஊர்க்கூட்டம். ஊரார் மண்ணில் தெரு, குளம், வீடுகளை வரைகிறார்கள். வீட்டுக்கு ஒரு அட்டை எழுதி, வசதியின்படி அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். கடைசி அடுக்கில் விழும் வீடுகளுக்குப் பணியாளர் நேரில் போய்ப் படிவம் நிரப்புகிறார். மேலதிகாரி ஒருவர் மறுபடி போய்ச் சரிபார்க்கிறார்.

2007இல் தொடங்கிய கட்டத்தில் மூன்று விலக்கு விதிகள் இருந்தன: ஏற்கெனவே சிறுகடன் வாங்கியவர்கள், அரசின் வேறு வறுமைத் திட்டத்தில் இருப்பவர்கள், உழைக்கக்கூடிய வயது வந்த பெண் இல்லாத வீடுகள் ஆகியவை கிடையாது. பிறகு ஐந்து அடையாளங்களில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும்: வீட்டு மனையும் சேர்த்து 10 டெசிமலுக்கு (அதாவது 10 சென்ட்) மேல் நிலம் இல்லை; சம்பாதிக்கும் ஆண் இல்லை; பெண்கள் வெளியே கூலிக்குப் போகிறார்கள்; பள்ளி வயதுக் குழந்தைகள் வேலைக்குப் போகிறார்கள்; வருமானம் தரும் சொத்து எதுவும் இல்லை.

ஊர்க்கூட்டத்தைத் தவிர்த்துவிட்டு அரசுப் பட்டியலை மட்டும் நம்பினால் ஏமாற்றம் உறுதி. பட்டியலில் இல்லாதவர்கள்தான் பெரும்பாலும் பரம ஏழைகள். கூட்டத்தை மட்டும் நம்பினாலும் சிக்கல் உண்டு. ஊரோடு ஒட்டாதவர்கள், கணவன் விட்டுப் போனவர்கள், ஊர் ஓரத்தில் குடிசை போட்டவர்கள் வரைபடத்திலேயே விடுபட்டுப் போவார்கள். வீடு வீடாகப் போகும் இரண்டாம் சுற்று அதற்காகத்தான்.

பசுவா, ஆடா, கோழியா?

பெண்களிடம் பட்டியல் நீட்டப்பட்டது. கால்நடை வேண்டாம், காய்கறி வியாபாரமோ சிறு கடையோ வைக்கிறேன் என்றாலும் தடை இல்லை. ஏறக்குறைய எல்லோரும் கால்நடையைக் கேட்டார்கள். அதிலும் பசு சேர்ந்த தொகுப்புக்கே கிராக்கி. ஊரில் வசதியான பெண்கள் மாடு வளர்ப்பதை அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். களை பறிப்பதையும் வீட்டுவேலையையும்விட மாடு வளர்ப்பில் ஒரு மணி நேர உழைப்புக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கிடைத்தது. ஆசைக்கு அடிப்படை இருந்தது.

கணக்கில் கவனிக்க வேண்டியது காலம். நாட்டுக் கிடேரி சினை பிடித்துக் கன்று ஈன 280 நாள். வாங்கும்போது சினை இல்லை என்றால் பருவத்துக்கு வரும் காத்திருப்பும் சேரும். ஈன்ற பிறகும் நாட்டுப் பசு நாளுக்கு ஒன்று, இரண்டு லிட்டர்தான் தரும், அதில் கன்றுக்கும் பங்கு. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாள். வங்கத்தின் கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போடுவதில் பேர் பெற்றது, சில நேரம் மூன்றும் போடும். குட்டியை விற்கிற பதத்துக்குக் கொண்டுவர மேலும் ஆறேழு மாதம் ஆகும். ஆக, ஆட்டுப் பணம் கைக்கு வர ஏறத்தாழ ஒரு வருடம். முட்டைக் கோழி சில வாரங்களிலேயே காசாகும், ஆனால் ஒரு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி.

பசுவோடு ஒன்றிரண்டு ஆடு அல்லது சில கோழி என்று கலந்து கொடுப்பதன் காரணம் இந்தக் கால இடைவெளி. ஒரு வரவு காய்ந்தால் இன்னொன்று. முதல் 40 வாரம் வாரப்படி கொடுத்ததும் இதே காரணத்துக்காக. படி இல்லாமல் மாட்டை மட்டும் கொடுத்தால், அவள் காலையில் கூலிக்குப் போயாக வேண்டும். மாடு கட்டுத்தறியிலேயே நிற்கும், புல் கிடைக்காது, மெலியும், சினை பிடிக்காது. அடுத்த மொங்காவில் சந்தைக்குப் போகும். படியைச் செலவுக் கணக்கில் தர்மமாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது மாட்டின் விலையில் ஒரு பகுதி.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டம் நமக்குத் தெரிந்ததுதான்: ஒரு பெண்ணுக்கு நான்கு ஆடு, அல்லது ஒரு கறவை. அங்கே கொடுக்கும் வேலை கச்சிதமாக நடந்தது. கொடுத்த பிறகு இரண்டு வருடம் வாராவாரம் கதவைத் தட்டும் ஆள் அந்த வடிவமைப்பிலேயே இல்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சந்தையில் கவனிக்க வேண்டியவை

ஒரு அமைப்பு ஒரே நாளில் ஒரே சந்தையில் ஐம்பது மாடு வாங்கப் போகிறது என்ற செய்தி முந்தின நாளே தரகருக்குப் போய்விடும், விலை ஏறும். கழித்துப்போட்ட மாடுகள் எண்ணெய் தடவி மினுமினுப்பாக வரும். சின்னச் சின்னத் தொகுதியாக, பல சந்தைகளில், வாங்கப்போகிற பெண்ணையும் கூட வைத்துக்கொண்டு வாங்குவதே உத்தமம். அவளே தேர்ந்த மாடு என்றால் ‘நோஞ்சானைக் கட்டிவிட்டார்கள்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

எடை பார்க்கத் தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்புவரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,840 என்று போட்டால் கிலோ வரும். சுற்றளவு 130, நீளம் 110 என்றால் 171 கிலோ. பல்லைப் பார்த்தால் வயது தெரியும். இரண்டு நிலைப்பல் முளைத்திருந்தால் மாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு வயது, ஆட்டுக்கு ஒரு வயதுக்குச் சற்று மேல்.

ஆடு விஷயத்தில் பெரிய இழப்பு சந்தையிலேயே தொடங்குகிறது. பல ஊர் ஆடுகள் ஒன்றாக நிற்கும் இடம் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஏற்ற இடம். வாங்கிய அன்றே பிரித்துக் கொடுத்தால், பத்து நாளில் ஊரே காய்ச்சலும் கழிச்சலுமாகக் கிடக்கும். ஆரோக்கியமாக இருந்த பழைய ஆடுகளும் சாகும், பழி திட்டத்தின் மேல் விழும். வாங்கி, தனியாகக் கட்டி, தடுப்பூசி போட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொடுக்க வேண்டும். தடுப்பூசியிலும் ஒரு சிக்கல் உண்டு. அது உறைநிலையில் உலர்த்திய உயிருள்ள மருந்து. ஒரு குப்பியில் பல டஜன் ஆடுகளுக்கான அளவு இருக்கும், கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், குளிர் விடக்கூடாது. ஐந்து ஆட்டுக்காக யாரும் குப்பியை உடைக்க மாட்டார்கள். ஆகவே திட்டத்தில் இல்லாத வீட்டு ஆடுகளையும் ஒரே நாளில் ஓரிடத்தில் சேர்ப்பது கருணையால் அல்ல, கணக்கால். சுற்றியுள்ள ஆடுகளுக்கு ஊசி போடாமல் நம் ஆட்டை மட்டும் காப்பாற்றுவதும் கடினம்.

தீவனம்

நிலமில்லாதவர் வீட்டு மாட்டுக்குச் சாலை ஓரம், வரப்பு, ஆற்றோரம் அறுத்த புல்லும் வைக்கோலும்தான் கதி. 170 கிலோ மாட்டுக்கு ஈரம் நீக்கிய உலர் கணக்கில் நாளுக்கு நாலு, ஐந்து கிலோ வேண்டும். வெறும் வைக்கோல் வயிற்றை நிரப்பும், பால் தராது. வங்கதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை ஒன்று இங்கே கைகொடுக்கிறது: 10 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 300 கிராம் யூரியா, 2.1 முதல் 2.4 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு), 5 முதல் 7 லிட்டர் தண்ணீர்.

யூரியாவைத் தண்ணீரில் ஒரு குருணைகூட இல்லாமல் முழுக்கக் கரைத்து, அதில் மொலாசஸைக் கலக்க வேண்டும். பாலிதீன் விரிப்பில் வைக்கோலை மெல்லிய அடுக்காகப் பரப்பி, கரைசலைத் தெளித்து, புரட்டி, மறுபடி தெளிக்க வேண்டும். கரைசல் தரையில் தேங்கினால் மேல் வைக்கோலில் சத்து இல்லை, அடி வைக்கோலில் விஷம். கலந்ததை மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும். முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கூட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் கிட்டவே காட்டக்கூடாது. மாடு வயிறு உப்பி, எச்சில் வடிய நடுங்கினால் யூரியா அதிகமாகிவிட்டது என்று பொருள். மருத்துவரைக் கூப்பிட நேரம் மிகக் குறைவு. இதை ஒரு நாள் பயிற்சியில் சொல்லிவிட்டுப் போவது ஆபத்து. கலக்கும்போது பணியாளர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று நான்கு வாரம் பார்க்க வேண்டும்.

தாழ்வான, நீர் தேங்கும் நிலத்துப் புல்லில் ஈரல் தட்டைப்புழு உண்டு. குடற்புழு மருந்து எல்லாமே அதைக் கொல்லாது, தட்டைப்புழுவுக்கென்று உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆற்றுத் திட்டுகளில் பரணில்லாமல் ஆடு வளர்க்க முடியாது, ஈரத்தரையில் நிமோனியா வந்துவிடும். வெள்ளம் வந்தால் மாடு எங்கே நிற்கும் என்பதை மாடு வருவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

வாராவாரம் வருபவர்

ஒருவர் சைக்கிளில் நாளுக்குப் பத்து வீடு பார்க்க முடியும், வாரத்துக்கு ஐம்பது. அதற்கு மேல் ஏற்றினால் வருகை கையெழுத்தோடு முடிந்துவிடும். அவர் வந்து பார்ப்பது என்ன? சாணி கெட்டியா, நீரா, மூக்கு ஈரமா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, சினை ஊசி போட்டுச் சுமார் 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்ததா, இந்த வாரச் சேமிப்பு எங்கே, எழுத்து எவ்வளவு பழகியிருக்கிறது. ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை கால்நடைப் பணியாளர் தனியாக வருவார்.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று படிவத்தில் இடம்பெறாது. கணவன் மாட்டை விற்கச் சொல்கிறானா, மாமனார் தன் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாரா, பக்கத்து வயல்காரர் மாடு மேய்ந்தது என்று அபராதம் கேட்கிறாரா என்று காது கொடுத்துக் கேட்பது. இதற்காகத்தான் ஊர்ப் பெரிய மனிதர்களைச் சேர்த்துக் கிராம வறுமை ஒழிப்புக் குழு அமைத்தார்கள். மாடு திருடு போனால் தேடவும், சண்டை வந்தால் சொல்லவும் ஒரு ஆள். பணக்காரர் கையில் அதிகாரத்தைக் கொடுப்பதா என்று கேட்கலாம். அதிகாரம் ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருக்கிறது, அதை ஒரு பெண்ணின் மாட்டுக்குக் காவலாகத் திருப்பியதுதான் சாமர்த்தியம்.

பெண்ணுக்குக் கொடுத்த மாடு பெண்ணுடையதாகவே இருந்தது. ஆனால் அந்த வருமானத்தில் பிறகு வாங்கிய நிலமும் பிற சொத்தும் பெரும்பாலும் ஆண் பெயருக்குப் போயின. வீட்டிலேயே வேலை என்றானதும் வெளியே போய் வருவதும், தன் கையில் காசு வைத்திருப்பதும் குறைந்தன. அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதைவிட இது மரியாதை என்று பல பெண்கள் சொன்னார்கள், அதையும் சேர்த்தே எழுத வேண்டும். குடும்பம் மேலே வந்ததும் பெண் மேலே வந்ததும் ஒன்றல்ல என்பது இந்தத் திட்டத்தின் தீராத கணக்கு.

என்ன ஆனது?

2007 முதல் ஏழு ஆண்டுகள், 1,309 கிராமங்களில், 21,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை நான்கு முறை அளந்து பார்த்தார்கள். திட்டம் கிடைத்த பகுதி எது, காத்திருந்த பகுதி எது என்பதைக் குலுக்கலில் தீர்மானித்ததால் ஒப்பீடு நம்பத்தக்கது. நான்காம் ஆண்டில் பெண்களின் வருமானம் 21 சதவீதமும் வீட்டுச் செலவு 11 சதவீதமும் கூடியிருந்தன. ஏழாம் ஆண்டிலும் பலன் நின்றது. பெண்கள் கூலி வேலையைக் குறைத்ததால், திட்டத்தில் இல்லாதவர்களுக்குக் கிடைத்த கூலியும் உயர்ந்தது.

எல்லோருக்கும் இப்படி ஆகவில்லை. பதினோரு ஆண்டுத் தரவை அலசிய பிந்தைய ஆய்வு ஒரு வாசலைக் கண்டது. மாட்டையும் சேர்த்து மொத்தச் சொத்து, வாங்குதிறன் கணக்கில் (நாடுகளின் விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டி) சுமார் 504 டாலரைத் தாண்டியவர்கள் அதன்பின் தாமாகவே வளர்ந்தார்கள். தாண்டாதவர்கள் பழைய நிலைக்கே சரிந்தார்கள். கொடுத்த மாடு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. வீட்டில் வேறு ஒன்றுமே இல்லாதவர்களும், சிறிது கைமுதல் இருந்தவர்களும் ஒரே பரிசில் வெவ்வேறு இடத்தில் போய் நின்றார்கள். பட்ஜெட்டை இரண்டாக உடைத்து இரட்டிப்பு ஆட்களுக்குப் பாதி மாட்டு விலை கொடுப்பது நியாயமாகத் தோன்றும். இந்தக் கணக்குப்படி அது இருவரையும் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தும்.

மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பந்தன் என்ற சிறுகடன் அமைப்பு இதே முறையைச் செய்தது. தகுதியானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் வாங்கிக்கொண்டார்கள். சும்மா மாடு தருகிறார்கள் என்றால் பின்னால் ஏதோ இருக்கிறது, மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற வதந்தி ஓடியது. வாங்கியவர்களின் முன்னேற்றம் பத்து வருடம் கழித்தும் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் பலர் மாட்டைத் தாண்டி வேறு தொழிலுக்குப் போயிருந்தார்கள். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என ஆறு நாட்டு ஒப்பீட்டில் செலவுக்கு மிகக் கூடுதலான பலன் கிடைத்ததும் இந்த முர்ஷிதாபாத்தில்தான். ஹோண்டுராஸில் நேர்மாறு. பல குடும்பங்களுக்குக் கொடுத்த கோழிகள் நோயில் செத்தன, போட்ட செலவே திரும்பவில்லை.

தெலங்கானாவின் மேடக் மாவட்டத்தில் நடந்த சோதனை இன்னும் பாடம் நிறைந்தது. அங்கே கால்நடை வருமானம் கூடியது, விவசாயக் கூலி வருமானம் அதே அளவு குறைந்தது. நிகரம் பூஜ்யம். அந்த ஆண்டுகளில் கூலி ஏறிக்கொண்டிருந்தது, ஊரக வேலைத் திட்டமும் வந்திருந்தது. மாட்டுக்காக வீட்டில் இருந்தவள் நல்ல கூலியை இழந்தாள். சிலர் மாட்டை விற்றுக் கடனை அடைத்தார்கள், அவர்களைப் பொறுத்தவரை அதுவே புத்திசாலித்தனம். ரங்பூரில் வருடத்தில் பல நாள் சும்மா இருந்த கைகளுக்கு மாடு வேலை கொடுத்தது. மேடக்கில் கைகள் சும்மா இல்லை. எந்த ஊரில் தொடங்குவதற்கு முன்பும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாட்டு விலை அல்ல: அந்தப் பெண்ணுக்கு மாதத்தில் எத்தனை நாள், எவ்வளவு கூலிக்கு வேலை கிடைக்கிறது?

பிகாரில் 2016 மதுவிலக்குக்குப் பின், சாராயமும் கள்ளும் விற்றுப் பிழைத்த குடும்பங்களை மனதில் வைத்து 2018இல் தொடங்கிய அரசுத் திட்டம் இதே சட்டகத்தை எடுத்துக்கொண்டது. ஏழு மாதத்துக்கு மாதம் 1,000 ரூபாய் இடைக்கால உதவி, பிறகு சொத்து. பலர் மாட்டுக்குப் பதில் சிறு மளிகைக் கடை கேட்டார்கள். கடையில் வரவு மறுநாளே தொடங்கும், ஆனால் நோய் வேறு: உறவுக்காரர் கடன், வீட்டுச் சமையலுக்கு எடுக்கும் பருப்பு. வாராவாரம் வருபவர் சாணியைப் பார்ப்பதற்குப் பதிலாக அலமாரியையும் கடன் நோட்டையும் பார்க்க வேண்டும். தொடக்கச் சரக்கின் மதிப்பு குறைந்திருந்தால் எங்கே போனது என்று அன்றே கேட்க வேண்டும்.

அரசுகள் இதைப் பெரிதாக்கும்போது முதலில் வெட்டப்படுவது வாராவாரம் வரும் இந்த ஆள்தான். மாட்டைப் புகைப்படம் எடுக்கலாம், வருகையை எடுக்க முடியாது. ஐம்பது வீடு நூற்றைம்பதாகும், வாரம் மாதமாகும். 25ஆம் மாதத்திலிருந்து மாட்டு மருத்துவருக்கும் தடுப்பூசிக்கும் அந்தப் பெண்ணே காசு கொடுக்கப் போகிறாள். ஆகவே கடைசி ஆறு மாதம், ஊரிலேயே ஊசி போடப் பயிற்சி பெற்ற ஒருவரை, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு, பணியாளர் இல்லாமலே வீட்டுக்கு வரவைத்துப் பழக்கிவிட வேண்டும். முதல் கடனை வாங்கச் சொல்வதும் பசு இரண்டாம் கன்று போட்ட பிறகுதான்.